மாத்திரை அட்டைக்குப் பின்னால் ஒரு சட்டப் பிரிவு

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு நிரந்தர வேலை உண்டு. அப்பாவுக்கு மாத்திரை வாங்கி வருவது. இமாடினிப், 400 மில்லிகிராம். தினமும் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு. ஆறு வருஷமாக இப்படித்தான்.

அவருக்கு வந்திருப்பது நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய். பரிசோதனை முடிவு வந்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க வந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன் சார். இப்போ இது சுகர், பிரஷர் மாதிரிதான். மாத்திரையை விடாம போட்டுக்கணும், அவ்வளவுதான்." அப்பா முதலில் கேட்டது, "மாசம் எவ்வளவு ஆகும் டாக்டர்?" என்றுதான். சில ஆயிரம் ரூபாய் என்றார். அப்பாவின் பென்ஷனுக்குள் அடங்குகிற தொகை.

இதே மாத்திரையின் மூல பிராண்டுக்கு இந்தியாவில் ஒரு காலத்தில் மாதம் 1,20,000 ரூபாய் விலை. அப்பாவின் பென்ஷனில் அது அடங்காது. என் சம்பளத்திலும் பல வருஷம் தாங்காது. இரண்டு விலைகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு சட்டப் பிரிவு. அதைத் தேடிப் போனதன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

எழுதத் தூண்டியது மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாக்குவாதம். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் சொன்னார்: "நம்ம ஊர்ல இன்னோவேஷன் வராததுக்கு ரெண்டே காரணம். ஒண்ணு, எல்லாத்துலயும் கவர்மென்ட் மூக்கை நுழைக்குது. ரெண்டு, நாம பேட்டன்ட்டை மதிக்கிறதில்ல." நான் அரை மனதாகத் தலையாட்டினேன். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். பேட்டன்ட் என்பதே கவர்மென்ட் நுழைக்கிற மூக்குதானே!

பேட்டன்ட் என்னும் பேரம்

தமிழில் காப்புரிமை என்கிறோம். அதே சொல்லைப் பதிப்புரிமைக்கும் சிலர் பயன்படுத்துவதால் குழப்பம் வருகிறது. இங்கே நான் பேட்டன்ட் என்றே எழுதுகிறேன்.

ஒரு பொருளை நீங்கள் கண்டுபிடிக்கிறீர்கள். அதைப் பார்த்து இன்னொருவர் செய்தால் இயற்கையில் அவரைத் தடுக்க எதுவும் இல்லை. என் வீட்டில் நீங்கள் குடியேறினால் நான் வெளியே நிற்க வேண்டும். என் யோசனையை நீங்கள் எடுத்துக்கொண்டால் அது இருவரிடமும் இருக்கும். அதைத் தடுக்க வேண்டுமென்றால் அரசு, நீதிமன்றம், தடையாணை எல்லாம் வேண்டும். அந்தத் தடையை அரசு கொடுக்கிறது, பதிலுக்கு இரண்டு நிபந்தனை போடுகிறது. ஒன்று, கண்டுபிடிப்பை மற்றவர்கள் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கி எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். இரண்டு, குறிப்பிட்ட காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் சொந்தம். இன்று அந்தக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம்.

இந்தப் பேரம் பழையது. வெனிஸ் நகர அரசு 1474ல் போட்ட சட்டத்தில் காலம் 10 வருஷம். இங்கிலாந்தில் 1624ல் வந்த சட்டத்தில் 14 வருஷம். அந்த இங்கிலாந்துச் சட்டத்தின் பின்னணி சுவாரசியமானது. அரசர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு உப்பு, சோப்பு போன்ற அன்றாடப் பொருள்களில் ஏகபோகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை ஒழிக்க வந்த சட்டம் அது. ஏகபோகங்கள் செல்லாது, புதுக் கண்டுபிடிப்புக்கு விலக்கு உண்டு என்றது. அதாவது பேட்டன்ட், ஏகபோகத் தடைச் சட்டத்துக்குள் விடப்பட்ட ஒரு ஓட்டையாகத்தான் உள்ளே வந்தது.

பேட்டன்ட் புத்தாக்கத்தை வளர்க்கிறதா, தடுக்கிறதா? இரண்டும் செய்கிறது. ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திர முறைக்கு 1769ல் பேட்டன்ட் வாங்கினார். 1775ல் பார்லிமென்ட் தனிச் சட்டம் போட்டு அதை 1800 வரை நீட்டித்தது. அந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் அவருக்குப் பணம் போட ஆள் கிடைத்திருக்காது. ஆனால் அதே பேட்டன்ட்டை வைத்து, ஹார்ன்ப்ளோயர் என்பவர் செய்த வேறு வகை இயந்திரத்தை வாட்டின் கம்பெனி முடக்கியது. வாட்டுக்கும் இதே கதி வந்தது. பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சக்கரச் சுழற்சியாக மாற்ற வளைவுத்தண்டு வேண்டும். அதற்கு 1780ல் பிக்கார்ட் என்பவர் பேட்டன்ட் வாங்கிவிட்டார். வாட் தரப்பு சுற்றுவழியாக ஒரு பல்சக்கர அமைப்பை உருவாக்கியது. நல்ல பொறியியல்தான். ஆனால் வளைவுத்தண்டு எல்லோருக்கும் திறந்திருந்தால் அந்த மூளை வேறு எதற்காவது செலவாகியிருக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது, பேட்டன்ட் எதற்கு, எவ்வளவு காலம், எவ்வளவு அகலம் என்பது. அதை எழுதுவது அரசு. எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விலைப்பட்டியல் உண்டு.

செய்முறையா, பொருளா?

சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் நடப்பில் இருந்தது 1911ஆம் வருஷச் சட்டம். அதை ஆராய அரசு நியமித்தவர் நீதிபதி ராஜகோபால அய்யங்கார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து பிறகு உச்ச நீதிமன்றம் போனவர். 1959ல் அவர் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட பேட்டன்ட்களில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டினர் கையில். அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் உற்பத்திக்கே வரவில்லை. பேரத்தில் நாம் தடையைக் கொடுத்தோம், பதிலுக்குத் தொழில் வரவில்லை என்பதுதான் அதன் சாரம்.

அந்த அறிக்கையின் அடிப்படையில் வந்தது 1970ஆம் வருஷப் பேட்டன்ட் சட்டம். 1972 ஏப்ரல் 20 முதல் அமல். உணவுக்கும் மருந்துக்கும் அதில் ஒரு வித்தியாசமான விதி இருந்தது: பொருளுக்குப் பேட்டன்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான்.

ஒரு உதாரணம். சாம்பாரை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பொருள் பேட்டன்ட் கிடைத்தால், எந்த வழியில் செய்தாலும் சாம்பார் என்ற ஒன்றை நீங்கள் விற்க முடியாது. செய்முறை பேட்டன்ட் மட்டும் கிடைத்தால், என் வழியில்தான் நீங்கள் செய்யக் கூடாது. பருப்பை வேறு மாதிரி வேகவைத்து, பொடியை வேறு மாதிரி அரைத்து அதே சாம்பாரைக் கொண்டு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மென்பொருள்காரர்களுக்கு இன்னும் எளிது. இன்டர்ஃபேஸ் பொது, இம்ப்ளிமென்டேஷன் மட்டும் தனியார் சொத்து.

காலமும் பொருளுக்கு ஏற்ப மாறியது. மருந்துச் செய்முறைக்குப் பேட்டன்ட் வழங்கிய நாளிலிருந்து 5 வருஷம் அல்லது பேட்டன்ட் தேதியிலிருந்து 7 வருஷம், எது குறைவோ அது. மற்றவற்றுக்கு 14 வருஷம்.

விளைவு? நம் வேதியியலாளர்கள் ஒரே மூலக்கூறுக்குப் புதுப் புது வழி கண்டுபிடிப்பதில் கில்லாடிகள் ஆனார்கள். 1970ல் இந்திய மருந்துச் சந்தையில் பன்னாட்டுக் கம்பெனிகளின் பங்கு 68 சதவீதம், உள்நாட்டுக் கம்பெனிகள் 32. 2004ல் அது 23க்கு 77 என்று தலைகீழானது.

இதை வெறும் காப்பி என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் எச்.ஐ.வி. மருந்து. மூன்று மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட வேண்டும். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் என்ற அந்த மூன்றும் மேலை நாடுகளில் மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் கையில். மூன்றையும் ஒரே மாத்திரையாக்கினால் நோயாளிக்கு எவ்வளவு வசதி! ஆனால் மூன்று முதலாளிகளும் ஒத்துக்கொள்ள வேண்டுமே. பொருள் பேட்டன்ட் இல்லாத இந்தியாவில் சிப்லா அதைச் செய்தது. 2001 பிப்ரவரியில் ஆண்டுக்கு 350 டாலருக்கு இந்தக் கூட்டு மருந்தைத் தருவதாக 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிடம் சொன்னது. அப்போது மூல பிராண்டுகளில் அந்தச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர். விலை குறைந்தது ஒரு பக்கம். மூன்று மாத்திரை ஒன்றானதே ஒரு புத்தாக்கம். பேட்டன்ட் தளர்வாக இருந்த இடத்தில்தான் அது நடக்க முடிந்தது.

2005ல் மாறிய ஆட்டம்

1995ல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. கூடவே அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமும். எல்லாத் துறைக்கும் பொருள் பேட்டன்ட், எல்லாவற்றுக்கும் குறைந்தது 20 வருஷம். இந்தியாவுக்கு 2005 ஜனவரி 1 வரை அவகாசம் கிடைத்தது. அதுவரை வரும் மருந்து விண்ணப்பங்களை வாங்கித் தனியாக வைக்க வேண்டும், 2005ல் எடுத்துப் பரிசீலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

2005ல் நாடாளுமன்றம் பொருள் பேட்டன்ட்டைத் திரும்பக் கொண்டு வந்தது. அத்தோடு, எதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியல் போடும் 3ஆவது பிரிவில், (டி) என்ற உட்பிரிவைத் திருத்தி இறுக்கியது. அதன் சாரம் இது: ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புது வடிவம், அந்தப் பொருளின் செயல்திறனைக் கூட்டாவிட்டால் அது கண்டுபிடிப்பே அல்ல.

இப்படி ஒரு விதி எதற்கு? ஒரு மூலக்கூறுக்குப் பேட்டன்ட் முடியும் சமயத்தில் அதன் உப்பு வடிவத்துக்கு ஒன்று, படிகத்துக்கு ஒன்று, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு ஒன்று என்று வாங்கிக் காலத்தை நீட்டிக்கொண்டே போகும் பழக்கம் மருந்துத் தொழிலில் உண்டு. எவர்கிரீனிங் என்பார்கள். குத்தகை முடியும் நேரத்தில் திண்ணைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, இது புது வீடு, இன்னும் 20 வருஷம் இருப்பேன் என்று சொல்கிற மாதிரி.

சென்னையில் தொடங்கிய வழக்கு

இங்கேதான் அப்பாவின் மாத்திரை வருகிறது. நோவார்ட்டிஸின் முன்னோடிக் கம்பெனி இமாடினிப் மூலக்கூறுக்கு 1990களின் தொடக்கத்திலேயே வெளிநாடுகளில் விண்ணப்பித்துவிட்டது. அமெரிக்கப் பேட்டன்ட் 1996ல் கிடைத்தது. அந்தக் கட்டத்தில் இந்தியாவில் பொருள் பேட்டன்ட் இல்லாததால் இங்கே கேட்க முடியவில்லை. 1998 ஜூலையில் நோவார்ட்டிஸ் அதே மருந்தின் மெசிலேட் என்ற உப்பின் பீட்டா படிக வடிவத்துக்குச் சென்னை பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்தது. இன்று கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் அலுவலகம்தான். அந்தக் கட்டடத்தைப் பல வருஷம் பஸ்ஸில் கடந்து போயிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்ததே இல்லை.

படிக வடிவம் என்றால் என்ன? மூலக்கூறு அதேதான், அடுக்கும் விதம் வேறு. ஒரே செங்கல்லை இரண்டு மாதிரி அடுக்குவது போல. பீட்டா அடுக்கில் தூள் நன்றாக ஓடும், ஈரத்தைக் குறைவாக இழுக்கும், நிலைத்தன்மை அதிகம். மாத்திரை செய்பவருக்கு நல்ல செய்திதான்.

2003 நவம்பரில், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே, கம்பெனிக்கு இந்தியாவில் விற்பனைத் தனியுரிமை தற்காலிகமாகக் கிடைத்தது. விலை வித்தியாசம் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. மூல பிராண்ட் மாதம் 1,20,000 ரூபாய், இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை 8,000 முதல் 10,000. புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் ஒன்றும் நாட்கோ, சிப்லா போன்ற கம்பெனிகளும் பேட்டன்ட் கொடுக்கக் கூடாது என்று எதிர்மனு போட்டன.

சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவே அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் அந்த வாதம் தள்ளுபடி. பிறகு சென்னையிலேயே இருந்த மேல்முறையீட்டு வாரியம், 2009. கடைசியில் உச்ச நீதிமன்றம், 2013 ஏப்ரல் 1.

வழக்கின் மையம் ஒரே சொல்: செயல்திறன். பீட்டா வடிவம் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்றது கம்பெனி. அதற்கு நீதிமன்றம் கேட்ட கேள்விகள் ஒரு நல்ல கோட் ரிவ்யூ மாதிரி இருக்கின்றன. முதல் கேள்வி, எதோடு ஒப்பிடுகிறீர்கள்? 30 சதவீதம் என்பது உப்பாக மாற்றாத மூல இமாடினிப்போடு ஒப்பிட்டு வந்த எண். ஆனால் மெசிலேட் உப்பு முந்தைய பேட்டன்ட்டிலேயே தெரிந்த பொருள். அதோடு ஒப்பிட வேண்டாமா? இரண்டாவது, மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன். நன்றாக ஓடும் தூள், ஈரம் இழுக்காத தூள் எல்லாம் சரி, நோயாளிக்கு அதனால் என்ன கூடியது? மூன்றாவது, கூடுதலாக உறிஞ்சப்படுவதால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே? அது காட்டப்படவில்லை. பேட்டன்ட் இல்லை.

பெஞ்ச்மார்க்கில் அடிக்கோட்டைத் தவறாக வைத்து 30 சதவீத முன்னேற்றம் காட்டும் ஸ்லைடுகளை நானும் பார்த்திருக்கிறேன். செய்தும் இருக்கிறேன்! அதனாலேயே இந்தத் தீர்ப்பின் அந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன்.

அமெரிக்காவில் என்ன ஆனது? மூல மூலக்கூறின் பேட்டன்ட் 2015 ஜூலையில் முடிந்தது. பீட்டா படிகத்துக்கு அங்கே தனிப் பேட்டன்ட் இருந்ததால் பிரச்சினை நீண்டது. ஒரு இந்தியக் கம்பெனியோடு ஏற்பட்ட சமரசத்துக்குப் பிறகு 2016 பிப்ரவரியில்தான் அங்கே முதல் மலிவு மாத்திரை வந்தது.

நண்பரின் பக்கமும் நியாயம் உண்டு

இதோடு முடித்தால் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னதாகிவிடும். அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தது இந்தியா அல்ல. 1960ல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குட்டையான குரோமோசோமைக் கண்டார்கள். 1973ல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, அது 9க்கும் 22க்கும் இடையே துண்டுகள் இடம் மாறியதால் வந்தது என்று காட்டினார். இதெல்லாம் பல்கலைக்கழக ஆய்வு. ஆனால் அந்த அறிவை மாத்திரையாக்கி, நோயாளிகளிடம் சோதித்து, 2001 மே மாதம் அமெரிக்க அனுமதி வாங்கும் வரை பணம் போட்டது கம்பெனி. இந்தியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அந்தக் கம்பெனி மருந்தை இலவசமாகக் கொடுத்ததும் உண்மை.

உலகம் முழுக்க 1972 இந்தியா மாதிரி இருந்திருந்தால் இமாடினிப் வந்திருக்குமா? சந்தேகம்தான். மற்ற நாடுகளின் நோயாளிகள் கொடுத்த விலையில் பிறந்த மூலக்கூறு அது, நாம் அதில் ஓசிப் பயணம் செய்தோம் என்று நண்பர் சொன்னால் என்னால் முழுதாக மறுக்க முடியாது. செய்முறையில் கில்லாடிகளான நாம், உலகமே வாங்கும் புது மூலக்கூறுகளை அந்த அளவுக்குக் கொண்டு வரவில்லை என்பதும் உண்மை.

ஆனால் 3(டி) கேட்பது மூலக்கூறுக்குப் பேட்டன்ட் கொடுக்காதே என்று அல்ல. 2005க்குப் பிறகு புது மூலக்கூறுக்கு இந்தியாவிலும் 20 வருஷம் உண்டு. புது வேலைக்குப் புதுக் கூலி, பழைய வேலைக்கு இரண்டாவது கூலி கிடையாது என்பதுதான் விதி. அது புத்தாக்கத்துக்கு எதிரி என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த உண்மையான மருந்தைத் தேடு என்று தள்ளுகிற விதி அது.

அதே 3ஆவது பிரிவு, வேறு எழுத்து

என் தொழிலுக்கும் அதே பிரிவில் ஒரு எழுத்து உண்டு. 3(கே). கணித முறை, வணிக முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் என்ற அளவில் உள்ள நிரல், இவற்றுக்கு இந்தியாவில் பேட்டன்ட் இல்லை. 2004 டிசம்பரில் ஒரு அவசரச் சட்டம் இந்தத் தடையைத் தளர்த்தப் பார்த்தது. 2005ல் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 'வெறும் நிரல்' என்பது எதுவரை என்ற சண்டை பேட்டன்ட் அலுவலகத்திலும் நீதிமன்றங்களிலும் இன்னும் ஓடுகிறது.

மென்பொருள் பேட்டன்ட்டை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒவ்வொரு டீமுக்கும் வருஷத்துக்கு இத்தனை பேட்டன்ட் என்று டார்கெட் இருந்தது. கேஷ் மெமரியை எப்போது புதுப்பிப்பது என்று இரண்டு வாரத்தில் நான் எழுதிய ஒரு சின்ன லாஜிக்கை மேனேஜர் அமெரிக்காவில் பதியச் சொன்னார். வக்கீல் எழுதி அனுப்பிய வரைவு இருபது பக்கம். என் லாஜிக் அதில் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை! கையெழுத்துப் போட்டேன். போனஸும் வந்தது. ஆனால் பேரத்தின் முதல் நிபந்தனை என்ன? மற்றவர்கள் படித்துச் செய்து பார்க்கும்படி விளக்க வேண்டும். எழுதியவனுக்கே புரியாத விளக்கத்துக்குப் பதிலாக சமூகம் 20 வருஷம் கொடுத்தால் அந்தப் பேரத்தில் ஏமாந்தது யார்?

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் ஜிஃப் படங்கள். 1987ல் கம்ப்யூசர்வ் வெளியிட்ட அந்த வடிவத்துக்குள் ஒரு சுருக்க அல்காரிதம் இருந்தது. அதற்கு யூனிசிஸ் கம்பெனியிடம் பேட்டன்ட் இருப்பதும், ஜிஃப் மென்பொருள் எழுதுபவர்கள் கட்டணம் தர வேண்டும் என்பதும் 1994 டிசம்பர் கடைசியில் அறிவிக்கப்பட்டது. ஏழு வருஷம் எல்லோரும் பயன்படுத்திய பிறகு! கோபப்பட்ட நிரலாளர்கள் இணையத்தில் கூடி உருவாக்கியதுதான் பி.என்.ஜி. வடிவம். 1996ல் அதன் முதல் பதிப்பு வந்தது. வாட்டின் பல்சக்கரக் கதைதான் திரும்பவும்.

மருந்துக்கும் மென்பொருளுக்கும் அடிப்படை வேறு. மருந்தில் மூலக்கூறு கிடைத்த பிறகும் பல வருஷச் சோதனை, பெரும் பணம். அதன் பிறகு நகலெடுப்பது எளிது. அங்கே பாதுகாப்பு இல்லாவிட்டால் முதல் ஆள் இறங்கவே மாட்டான். மென்பொருளில் என் கேஷ் லாஜிக்குக்கு இரண்டு வாரம். சந்தையில் முந்துவதே போதிய பரிசு, கோடுக்குப் பதிப்புரிமையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே 20 வருஷம் என்பது எட்டாம் நம்பர் செருப்பை எல்லோருக்கும் மாட்டுவது. 1970 சட்டம் பொருளுக்கு ஏற்ப வெவ்வேறு காலம் வைத்தது. 1995 ஒப்பந்தம் அதைத் தட்டையாக்கிவிட்டது. மிச்சமிருப்பது 3ஆவது பிரிவு போன்ற சில கைப்பிடிகள்தான்.

இப்போது எதற்கு இதெல்லாம்?

ஏனென்றால் இது முடிந்துபோன கதை அல்ல. இமாடினிப் வழக்கில் ஒரு நோயாளிகள் சங்கம் எதிர்மனு போட முடிந்தது என்று சொன்னேன் அல்லவா? பேட்டன்ட் கொடுப்பதற்கு முன்பு எவரும் எதிர்க்கலாம் என்று சட்டத்தின் 25ஆவது பிரிவு சொல்வதால்தான் அது முடிந்தது. 2023 மார்ச்சில் பெடாக்விலின் என்ற காசநோய் மருந்தின் உப்பு வடிவத்துக்குக் கேட்ட கூடுதல் பேட்டன்ட் நிராகரிக்கப்பட்டது. எதிர்த்தவர்களில் இருவர், காசநோயிலிருந்து மீண்ட பெண்கள். பழைய மருந்துகளின் பக்கவிளைவில் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். தங்களுக்கு நடந்தது மற்றவர்களுக்கு நடக்கக் கூடாது என்று வந்தவர்கள்.

2024 மார்ச்சில் பேட்டன்ட் விதிகள் திருத்தப்பட்டன. இப்படி எதிர்மனு போடுவதற்கு அதுவரை இல்லாத கட்டணம் வந்தது. மனு ஏற்கத்தக்கதுதானா என்று அதிகாரி முதலில் பார்ப்பார் என்ற கட்டமும் சேர்ந்தது. பேட்டன்ட்டை இந்தியாவில் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தீர்களா என்று வருஷா வருஷம் கொடுத்த கணக்கு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்று ஆனது. அய்யங்கார் 1959ல் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிய நமக்கு இருந்த ஒரே வழி அந்தக் கணக்குதான். நடைமுறை எளிதாகிறது என்பது அரசின் விளக்கம். தேவையில்லாத எதிர்மனுக்களும் வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் யாருக்கு எளிதாகிறது என்று நாம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விலையைக் குறைக்கும் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. 2025ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் கலந்திருந்தது டைஎத்திலீன் கிளைக்கால். 1937ல் அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் கொன்ற அதே நச்சு. அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 1938ல் அமெரிக்கா சட்டத்தை மாற்றி, விற்பதற்கு முன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்றது. நமக்கு விதி இருக்கிறது, ஆய்வாளர் போய்ப் பார்ப்பதுதான் இல்லை. கவர்மென்ட் மூக்கு நுழைக்க வேண்டிய இடத்தில் நுழைக்காவிட்டால் மலிவு மாத்திரையை நம்பி எப்படிக் கையில் வாங்குவது?

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, அப்போ கவர்மென்ட் வேணும்கிறே," என்றார். வேணுமா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை, பேட்டன்ட் கேட்கிற நிமிஷமே நீங்கள் கவர்மென்ட்டைக் கூப்பிட்டுவிட்டீர்கள் என்றேன். கூப்பிட்ட பிறகு அது யாருக்காக விதி எழுதுகிறது என்று பார்க்கிற வேலைதான் மிச்சம். அவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. அடுத்த நாள் அவர் அம்மாவின் மருந்துச் சீட்டைக் கொண்டு வந்து, "இதுல எதுக்கு பேட்டன்ட் இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டார். இந்தியப் பேட்டன்ட் அலுவலகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். மருந்தின் பெயரை வைத்து மட்டும் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, வேதிப் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டும். அதை எப்படித் தேடுவது என்று அடுத்த பதிவில் படிப்படியாக எழுதுகிறேன்.

இந்த மாதச் சனிக்கிழமை வாங்கி வந்த அட்டையை அப்பா வழக்கம்போல அலமாரியில் தேதி எழுதி வைத்தார். போன வாரப் பரிசோதனையிலும் அந்தக் குட்டை குரோமோசோமின் தடயம் தென்படவில்லை. எண்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. இப்போதே மண்டபம் பார்க்கச் சொல்கிறார்.